மெல்லுடல் விலங்குகளும் மலையகத்துப் பாறைகளும்: கேள்வி பதில்

ஆதி விலங்குகளின் கூர்ப்பு பற்றியும் அவற்றின் உயிர்ச்சுவடுகள் பற்றியும் வந்த கேள்விகளுக்கான பதில்கள் இவை. படம் அனுப்பியவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: கல்லின் பக்கத்தில் அளவுகோலையோ நாணயத்தையோ வைத்துப் படமெடுங்கள். கல்லைச் சுத்தியலால் உடைக்காதீர்கள்.

தலவாக்கலை, உயர்தர மாணவி: சேர், எலும்பு, பல், ஓடு போன்ற வன்மையான பாகங்களே உயிர்ச்சுவடாகும் என்று எங்கள் குறிப்பில் இருக்கிறது. அப்படியானால் எலும்பே இல்லாத உயிரினங்கள் பாறையில் எப்படிப் பதிந்தன?

உங்கள் குறிப்பு சொல்வது பொதுவிதி. அந்த விதிக்கு அமையாத சில இடங்கள் உலகில் இருக்கின்றன. விலங்குகளின் தொடக்க வரலாற்றில் நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி அவற்றிலிருந்துதான் வந்தது. ஓர் உடல் செத்தவுடன் அதனுடைய நொதியங்களும் பற்றீரியாக்களும் அதைக் கரைக்கத் தொடங்கும். அந்த அழுகலை ஏதோவொன்று முந்திக்கொண்டால் மட்டுமே மெல்லுடல் மிஞ்சும். முந்திக்கொள்ளும் வழி இடத்துக்கு இடம் வேறுபடுகிறது.

தென் அவுஸ்திரேலியாவின் ஈடியாக்கரா குன்றுகளில் 1946 இல் ரெஜினால்ட் ஸ்பிரிக் கண்ட சுவடுகள் மணற்பாறையில் உள்ளவை. கரடுமுரடான மணலில் மெல்லுடல் எப்படிப் பதியும் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 1999 இல் ஜேம்ஸ் கெலிங் அதற்கு ஒரு விளக்கம் தந்தார். அன்றைய கடற்தரையை நுண்ணுயிர்ப் படலம் ஒன்று போர்த்தியிருந்தது. உயிரினங்கள் அதன்மேல் வாழ்ந்தன. புயல் அள்ளி வந்த மணல் அவற்றை மூடியதும் மணலின் மேல் புதிய படலம் வளர்ந்தது. கீழே அழுகலின்போது உண்டான இரும்புச் சல்பைட்டு, உடலை ஒட்டியிருந்த மணலை இறுக்கி ஓர் அச்சாக்கியது. உடல் முற்றாக மறைந்த பின்னும் அந்த அச்சு குலையவில்லை. இன்று அங்கு மணற்பலகை ஒன்றைப் புரட்டிப் பார்த்தால், அதன் அடிப்பக்கத்தில் டிக்கின்சோனியா என்னும் தட்டையான உயிரினத்தின் வரிவரியான நீள்வட்டக் குழிவைக் காணலாம். மணலை இறுக்கியதில் சிலிக்காவுக்கும் பெரும் பங்கு உண்டு என்று வாதிடுவோரும் இருக்கிறார்கள்.

கனடாவின் பர்ஜஸ் ஷேலில் நடந்தது வேறு. 1909 இல் சார்ள்ஸ் வால்கொட் கண்டெடுத்த அந்தப் பாறை ஏறத்தாழ 508 மில்லியன் ஆண்டு பழையது. சரிந்து வந்த சேற்றுக் கலங்கல் விலங்குகளை ஒட்சிசன் குறைந்த ஆழத்தில் ஒரேயடியாகப் புதைத்தது. சேறு மிக நுண்ணியது. அன்றைய கடலில் சல்பேற்று குறைவாக இருந்ததும், படையின் மேற்பரப்பில் கல்சியம் காபனேற்று விரைவாகப் படிந்து மூடியதும் பற்றீரியாவுக்குக் கிடைக்கவேண்டிய இரசாயனங்களைத் தடுத்தன என்பது இப்போது வலுவான விளக்கம். எஞ்சியது மெல்லிய காபன் படலம் மட்டுமே. கல்லைச் சரித்து வெளிச்சத்தில் பிடித்தால் அது வெள்ளிபோல் மின்னும். அங்கே மிகுதியாகக் கிடைக்கும் மரெல்லா என்னும் சிறு கணுக்காலியின் உடலை ஒட்டி ஒரு கரிய கறை அடிக்கடி தெரிகிறது. அழுகத் தொடங்கிய உடலிலிருந்து கசிந்த திரவம் அது. அழுகல் தொடங்கி இடையிலே நின்றுபோனதற்கு இதைவிட நேரடியான சாட்சி வேண்டியதில்லை.

பொசுபேற்றுக் கனிமம் உடலின் இழையங்களுக்குள்ளேயே படிவது மூன்றாவது வழி. சுவீடனின் ஓர்ஸ்டன் சுவடுகளில் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த விலங்குகளின் மயிர்கள்கூட முப்பரிமாணத்தில் உள்ளன.

மஸ்கெலியா: எங்கள் தோட்டத்தில் வீதி வெட்டியபோது கிடைத்த கல்லின் உள்ளே பன்னச்செடி பதிந்திருக்கிறது. படம் இணைத்துள்ளேன். எத்தனை ஆண்டு பழையது?

அது செடியன்று. பாறை வெடிப்பினூடாகக் கசிந்த நீரிலிருந்து மங்கனீசு, இரும்பு ஒட்சைட்டுகள் கிளைகிளையாகப் படிந்திருக்கின்றன. உற்றுப் பாருங்கள்: இலை நரம்பு இல்லை, நடுத்தண்டு இல்லை, கிளைகள் வெடிப்பின் விளிம்பிலிருந்து உள்நோக்கிப் பரவுகின்றன. உருவம் ஒன்றை மட்டும் வைத்து உயிர்ச்சுவடு என்று முடிவு செய்யக் கூடாது.

பதுளை, ஓய்வுபெற்ற ஆசிரியர்: இந்தியாவின் பீம்பேட்கா குகையில் டிக்கின்சோனியா கிடைத்ததாகப் படித்தேன். இலங்கையும் அதே பழைய நிலத்தின் துண்டுதானே, ஐயா. நம் மலைகளில் ஏன் தேடக் கூடாது?

மதிப்புக்குரிய ஆசிரியரே, இதற்கு இரண்டு பதில்கள் உள்ளன.

முதலாவது, பீம்பேட்காவில் டிக்கின்சோனியா இல்லை. குகைக் கூரையில் அதைக் கண்டதாக 2021 இல் ஓர் ஆய்விதழில் கட்டுரை வந்தது. உலகெங்கும் செய்தியானது. பின்னர் வேறொரு குழுவினர் நேரில் சென்று பார்த்தபோது, அந்த உருவம் பாறையிலிருந்து உரிந்துகொண்டிருந்தது. அது மலைத்தேனீக் கூட்டின் எச்சம் என்று 2023 இல் அவர்கள் எழுதினார்கள். முதற்கட்டுரையை எழுதியவர்களும் அதை ஏற்றுக்கொண்டார்கள். கூடு இருந்த பாறையின் வயதைக் கணிக்கவும் அந்த உருவம் சான்றாக எடுத்தாளப்பட்டிருந்தது என்பதால் இது சிறிய பிழையாக முடியவில்லை. மேலே மஸ்கெலியா அன்பருக்குச் சொன்னதை நிபுணர்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது பதில் நம் பாறைகளைப் பற்றியது. மலையகத்தின் பெரும்பகுதி உயர்நிலத் தொகுதி எனப்படும் உருமாறிய பாறைகளால் ஆனது. சார்னோக்கைட், நைஸ், குவாட்சைட், சலவைக்கல் எல்லாம் அதில் அடங்கும். அவற்றுட் பல ஒரு காலத்தில் மணலாகவும் சேறாகவும் சுண்ணாம்புச் சேறாகவும் கடலில் படிந்தவைதாம். ஆனால் ஏறத்தாழ 610 முதல் 550 மில்லியன் ஆண்டுகளுக்கு முன், கோண்டுவானாப் பெருங்கண்டம் ஒன்றுசேர்ந்த மோதலில், அவை இருபது முப்பது கிலோமீற்றர் ஆழத்தில் 800 பாகை செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பத்தில் வெந்துகொண்டிருந்தன. ஈடியாக்கரன் காலம் 635 இலிருந்து 539 மில்லியன் ஆண்டு வரையானது. டிக்கின்சோனியா அவுஸ்திரேலியக் கடற்தரையில் ஊர்ந்த அதே காலத்தில், இன்று பிதுருதலாகலையாக நிற்கும் பாறை நிலத்தின் அடியாழத்தில் மீண்டும் பளிங்காகிக் கொண்டிருந்தது. அந்த வெப்பத்தில் படைகளின் நுண்ணமைப்பு அழிந்தது. அடையலில் இருந்த காபன் காரீயச் (கிராபைட்டு) செதில்களாயிற்று. மாத்தளைச் சலவைக்கல்லில் சிப்பியின் நிழல்கூட இல்லை; அந்தச் சுண்ணாம்புச் சேறு படிந்த காலத்தில் ஓடுள்ள விலங்குகளே தோன்றியிருக்கவில்லை. ஆகவே நம் மலைகளில் ஈடியாக்கரன் உயிர்ச்சுவட்டைத் தேடிப் பயனில்லை. இதை வருத்தத்தோடு சொல்லவில்லை. அந்தக் காலத்தை நிலத்தின் அடியிலிருந்து பார்த்த சாட்சி நம் கல்.

பண்டாரவளை: தேயிலை மலையில் உருண்டையான கல், வெங்காயத் தோல்போல் உரிகிறது. டைனோசர் முட்டையா?

இல்லை. பாறை மூலைகளில் விரைவாக வானிலையாலழிந்து உருண்டையாகிறது. மண்வெட்டும் எல்லா இடங்களிலும் இதைக் காணலாம்.

கண்டி, புவிச்சரிதவியல் பட்டதாரி: கேம்பிரியன் 'வெடிப்பு' என்பதே பாதுகாப்பு வேறுபாட்டால் வந்த மாயை அல்லவா? மரபணு வேறுபாடுகளைக் கொண்டு காலம் கணிக்கும் மூலக்கூற்றுக் கடிகாரங்கள் விலங்குகளின் தோற்றத்தை வெகு முன்னே கொண்டுபோகின்றன. நீங்கள் பர்ஜஸ் ஷேலைப் புகழ்வது அந்த மாயையை வளர்க்கிறது.

ஈடியாக்கரனை அடுத்து வந்த கேம்பிரியன் காலத்தின் தொடக்கப் பகுதியில் பலவகை விலங்குகளின் சுவடுகள் குறுகிய காலத்தில் தோன்றுவதையே 'வெடிப்பு' என்கிறோம். அது மாயை என்பதை ஏற்க முடியாது. கேம்பிரியனுக்கு முன்னரும் காபன் படலமாகப் பாதுகாக்கும் பாறைகள் உள்ளன. சீனாவின் மியாவோஹே அத்தகையது. அங்கே பாசிகள் நுணுக்கமாகப் பதிந்திருக்கின்றன, கணுக்காலி ஒன்றுகூட இல்லை. பாசியைக் காத்த சேறு கணுக்காலியின் மேற்றோலை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்?

அதே பட்டதாரி: ஒரு பாறையை வைத்து இல்லாமையை நிறுவ முடியாது. விலங்குகள் மிகச் சிறியனவாகவோ வேறு ஆழத்திலோ வாழ்ந்திருக்கலாம். 2010 இல் வெளிவந்த அழுகல் சோதனைகளையும் மறந்துவிடக் கூடாது.

நியாயமான மறுப்பு, அந்தச் சோதனைகளை நானும் முக்கியமாகக் கருதுகிறேன். முதுகெலும்பிகளின் உறவினமான அம்பியொக்சசையும் தாடையற்ற மீனான லாம்பிரேயையும் அழுகவிட்டுப் பார்த்தபோது, ஒரு குழுவுக்கே உரிய சிறப்பியல்புகள் முதலில் மறைந்தன. தொன்மையான பொது இயல்புகள் பிந்தின. எனவே பாதி அழுகிய சுவடு தன் உண்மையான நிலையைவிடப் பழைய மூதாதைபோல் தோன்றும். முதுகெலும்பிகளின் தொடக்கம் பற்றிப் பேசும் எவரும் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆனால் பாதுகாப்புச் சிக்கல் தீண்டாத ஒரு சான்றை விட்டுவிட்டீர்கள். அது ஊர்ந்த தடங்களும் துளைகளும். அவற்றுக்கு உடல் மிஞ்ச வேண்டியதில்லை. ஈடியாக்கரனின் இறுதிப் பகுதியில் பெரும்பாலும் மேற்பரப்பில் ஊர்ந்த எளிய தடங்களே காணப்படுகின்றன. கனடாவில் நியூபவுண்ட்லாந்தின் போர்சூன் ஹெட்டில் டிரெப்டிக்னஸ் பெடம் என்னும் கிளைத்த துளையே கேம்பிரியனின் எல்லையைக் குறிக்கிறது. அதன் பிறகு தோண்டல் ஆழமும் வகையும் பெருகுகின்றன. கால்வழிகள் முன்பே பிரிந்திருக்கலாம் என்று கடிகாரங்கள் சொல்வதற்கும், தோண்டவும் கடிக்கவும் வல்ல உடல்கள் பின்னர் தோன்றியதற்கும் முரண்பாடில்லை. அந்தத் தோண்டலே நுண்ணுயிர்ப் படலங்களைக் குலைத்து, ஈடியாக்கரா வகைப் பாதுகாப்புக்கும் இடமில்லாமல் செய்தது.

ஹப்புத்தளை: ஐயாமார் இருவரும் மன்னிக்கவும். டிக்கின்சோனியா விலங்குதானா?

ஆம் என்றே கருதுகிறேன். உருஷ்யாவின் வெண்கடற் கரையில் எடுத்த சுவடுகளின் சேதனப் படலத்தில் கொலஸ்திரோலிலிருந்து வந்த மூலக்கூறுகள் மேலோங்கியிருப்பதை 2018 இல் காட்டினார்கள். சுற்றியிருந்த பாறையில் பாசிக்குரியவை மேலோங்கியிருந்தன. உருவத்தோடு வேதியியலும் சேர்ந்து பேசும்போதே நான் நம்புகிறேன்.

பலாங்கொடை: மாணிக்கக் குழியில் 'இல்லம்' எனப்படும் மாணிக்கச் சரளைப் படைக்குள் பெரிய பல் கிடைத்தது. குழிக்கு அனுமதி எடுப்பது எப்படி?

அனுமதி பற்றித் தேசிய மாணிக்கக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையிடம் கேளுங்கள். பல் முக்கியமானது. அந்தச் சரளைப் படைகளில் நீர்யானை, காண்டாமிருகம் முதலியவற்றின் எச்சங்கள் முன்னரும் கிடைத்துள்ளன. கழுவித் தேய்க்காமல், கிடைத்த ஆழத்தைக் குறித்து, அருங்காட்சியகத்துக்கு அறிவியுங்கள்.

வெலிமடை, லிந்துலை, பொகவந்தலாவை: கல்லில் பன்னச்செடி (மூன்று படங்கள்).

மஸ்கெலியாவுக்குத் தந்த பதிலைப் பாருங்கள். மூன்றிலும் அளவுகோல் இல்லை.

நுவரெலியா, விஞ்ஞான ஆசிரியை: அழுகலைப் பாடசாலையில் மாணவர்களுக்குக் காட்ட முடியுமா?

முடியும். சந்தையில் வாங்கும் சிறு இறால்கள் போதும். ஒரே அளவான போத்தல்களை எடுத்து, ஒன்றில் உப்புநீர் மட்டும், இன்னொன்றில் உப்புநீரும் மணலும், மற்றொன்றில் உப்புநீரும் கயோலின் களியும் இடுங்கள். பொரலஸ்கமுவையில் கிடைக்கும் வெண்களி அதுவே. சில களிகள் பற்றீரியாவின் வளர்ச்சியைத் தடுப்பதாக ஆய்வுகூடங்களில் கண்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வகையிலும் பல போத்தல்களை வைத்துச் சில நாட்களுக்கு ஒருமுறை ஒன்றை மட்டும் திறந்து, கண், உணர்கொம்பு, கால், மேற்றோல் ஆகியவற்றில் எது எந்த வரிசையில் மறைகிறது என்று மாணவர்களே படம் வரைந்து பதியட்டும். நுவரெலியாக் குளிரில் எல்லாம் மெதுவாக நடக்கும். ஆகவே அறையின் வெப்பநிலையையும் குறிக்கச் சொல்லுங்கள். போத்தலின் மூடியை இறுக்க வேண்டாம், வாயு வெளியேற வழி வேண்டும். கையுறை அணிந்து, காற்றோட்டமான இடத்தில் திறவுங்கள்.