சென்னைத் துறைமுகத்தின் எதிரே பர்மிய உணவான அத்தோ எப்படி வேரூன்றியது?

அத்தோவைச் சென்னைக்குக் கொண்டுவந்தவர்கள் பர்மாவிலிருந்து திரும்பிய தமிழர்களே. 1962இல் பர்மிய ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைக் கைப்பற்றி, அடுத்த ஆண்டுகளில் வணிகங்களை நாட்டுடைமையாக்கியபோது, தலைமுறைகளாக ரங்கூனில் வாழ்ந்த குடும்பங்கள் கடையையும் சேமிப்பையும் இழந்து, கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கின. அவர்களின் பிழைப்புக்காக 1969இல் கடற்கரை ரயில் நிலையத்தருகே பர்மா பஜார் உருவானது. அதையொட்டிய தள்ளுவண்டிகளில்தான் அத்தோ ஊருக்கே பழக்கமானது.

அவித்த நூடுல்ஸுடன் முட்டைக்கோஸ், வெங்காயம், புளிக்கரைசல், மிளகாய்த்தூள், பூண்டு வதக்கிய எண்ணெய் ஆகியவற்றைச் சேர்த்துக் கடைக்காரர் கையாலேயே பிசைந்து, பேஜோ எனும் மொறுமொறுப்பான பொரித்த தட்டையை நொறுக்கித் தூவித் தருவார். உடன் வரும் வாழைத்தண்டு சூப், பர்மியரின் காலை உணவான மொஹிங்காவின் வழிவந்தது. புளியும் காரமும் நம் நாக்குக்கு ஏற்கெனவே நெருக்கமானவை என்பதால்தான், இழந்த ஊரின் நினைவாகச் சமைக்கப்பட்ட இவ்வுணவு பர்மாவைப் பார்த்திராதவர்களுக்கும் மாலைநேர ஆறுதலாயிற்று என்று கருதுகிறேன்.