காவல் நிலையப் படியேறாதவர்களின் கணக்கு

கேள்வி: ஒரு நாட்டில் எவ்வளவு குற்றம் நடக்கிறது என்பது காவல்துறைப் பதிவேட்டிலேயே இருக்கிறதே. அப்புறம் எதற்குச் சில அரசுகள் வீடு வீடாக ஆள் அனுப்பி, 'உங்களுக்கு ஏதாவது நடந்ததா?' என்று கேட்கின்றன? வீண் செலவுதானே?

பதில்: அடிபட்ட முகத்தோடு காவல் நிலையம் வரை போய், 'குடும்ப விஷயம், பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்' என்று திருப்பி அனுப்பப்படுகிறாளே ஒரு பெண், அவள் நடந்த நடைதான் வீண். அவள் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. வீட்டுக்கே வந்து கேட்பவரிடம்தான் அவள் வாய் திறக்க முடியும். அதைப் போய் வீண் என்கிறீர்கள்.

மிகைப்படுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறையை ஆய்வு செய்யும் அரசு அமைப்பே 2014-இல் இதைத் தோண்டிப் பார்த்தது. மக்கள் வந்து சொன்ன குற்றங்களில் 19 சதவீதம் பதிவாகவே இல்லை. ஆண்டுக்கு 8 லட்சத்துக்கும் மேல். பாலியல் குற்றங்களில் 26 சதவீதம். இத்தனையும் துணிந்து வந்து சொன்னவர்களின் கணக்கு மட்டும். வராதவர்கள் இதில் சேரவே இல்லை. அதே ஆண்டு ஜனவரியில், காவல்துறைப் பதிவுகளுக்கு இருந்த 'தேசியப் புள்ளிவிவரம்' என்ற தகுதியை அந்நாட்டுப் புள்ளிவிவர ஆணையம் பறித்துவிட்டது.

எண்ணிக்கை குறைந்தால் அதிகாரிக்குப் பாராட்டு என்று வைத்தால் எண்ணிக்கை குறையத்தான் செய்யும். வழிப்பறி 'பொருள் தொலைந்தது' ஆகிவிடும். இதை இந்தப் பக்கத்தில் சலிக்காமல் சொல்லி வருகிறேன், இனியும் சொல்வேன்.

இதன் மறுபக்கம்தான் ஸ்வீடன். அந்த நாட்டுக்காக வாசகர்களோடு பலமுறை மல்லுக்கு நின்றிருக்கிறேன். பாலியல் வன்முறைப் பட்டியலில் அது மேலே நிற்பதைக் காட்டி, 'உலகிலேயே மோசமான நாடு' என்று எழுதுகிறவர்கள் ஓயவில்லை. கணவன் ஒரு வருடத்தில் பலமுறை செய்த கொடுமையை மனைவி புகார் சொன்னால், அங்கே ஒவ்வொரு முறையையும் தனிக் குற்றமாக எழுதுகிறார்கள். சட்டத்தின் வரையறையையும் 2005-இல் விரித்தார்கள், 2018-இல் இன்னும் விரித்தார்கள். எழுதிக்கொள்ளும் நாட்டைக் குற்றவாளி ஆக்கிவிட்டு, எழுத மறுக்கும் நாடுகளுக்கு நற்சான்று கொடுப்பது அநியாயம். நாடுகளை ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் கொலைக் கணக்கை எடுங்கள். பிணத்தை மறைப்பது கடினம்.

சரி, வீட்டுக்குப் போய்க் கேட்கும் ஆய்வுக்கு ஓட்டையே இல்லையா? இருக்கிறது. கொலையானவர் பதில் சொல்ல முடியாது. வீடற்றவரின் கதவைத் தட்ட முடியாது. கேட்காத கேள்விக்கும் பதில் வராது. இங்கிலாந்து ஆய்வு 1982-இல் தொடங்கியது; மோசடி, கணினிக் குற்றங்களைப் பற்றிய கேள்விகளை 2015-இல்தான் முழுமையாகச் சேர்த்தார்கள். சேர்த்ததும் மொத்தக் குற்ற எண்ணிக்கை ஏறக்குறைய இரண்டு மடங்கானது. திருடர்கள் அந்த ஆண்டு புதிதாக முளைக்கவில்லை. அதுவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

இன்னொரு இடத்திலும் கேட்கலாம்: மருத்துவமனை. வேல்ஸின் கார்டிஃப் நகரில் ஜொனாதன் ஷெப்பர்ட் என்ற முகத்தாடை அறுவை மருத்துவர், தன்னிடம் தையல் போட வருகிறவர்களில் பெரும்பங்கினர் காவல்துறைக் கணக்கிலேயே இல்லை என்று கண்டுபிடித்தார். அவசரப் பிரிவுக்கு வருகிறவரிடம் எங்கே நடந்தது, எப்போது, எந்த ஆயுதத்தால் அடித்தார்கள் என்று கேட்டு எழுத ஏற்பாடு செய்தார். பெயரை நீக்கிவிட்டு அந்த விவரம் காவல்துறைக்கும் நகராட்சிக்கும் போனது. எந்தத் தெருவில், எந்த நேரத்தில், எந்த மதுக்கூடத்தில் ரத்தம் சிந்துகிறது என்பது அப்போதுதான் அவர்களுக்குத் தெரிந்தது. காவலர்களை அங்கே நிறுத்தினார்கள். உடைந்த கண்ணாடிக் கோப்பையால் முகத்தில் குத்துவது வாடிக்கையாக இருந்ததால், எளிதில் உடையாத கோப்பை வேண்டும் என்று ஷெப்பர்ட் போராடினார். அடிபட்டு மருத்துவமனையில் சேருகிறவர்களின் எண்ணிக்கை, அதே அளவுள்ள மற்ற நகரங்களைவிட கார்டிஃபில் குறைந்தது.