நட்சத்திரக் கோட்டைகளுக்கு ஏன் அந்த வடிவம்?

மூலைகள் அம்புமுனைபோல வெளியே நீண்டிருப்பதே நட்சத்திரக் கோட்டை. 15ஆம் நூற்றாண்டில் பீரங்கி வலுத்ததும் உயரமான மதில்கள் எளிதில் சரிந்தன. இத்தாலியர்கள் மதிலைத் தாழ்த்தி, தடிமனாக்கி, உள்ளே மண்ணை நிரப்பினார்கள்.

சரி, முனைகள் எதற்கு? மொட்டைமாடியில் நின்று பாருங்கள். கீழே நம் சுவரோடு ஒட்டி நிற்பவர் தெரியமாட்டார். பக்கத்து மாடிக்காரருக்கு நன்றாகத் தெரிவார். அப்படித்தான் ஒரு முனையின் அடிவாரத்தை அடுத்த முனையிலிருந்து சுடுவார்கள். வட்டக் கொத்தளமாக இருந்தால் எதிரி ஒளிய ஓர் இடுக்கு மிஞ்சிவிடும்.

வெனிஸ் அரசு 1593இல் தொடங்கிய, இத்தாலியிலுள்ள பல்மனோவா கோட்டை நகருக்கு ஒன்பது முனை. போர்த்துக்கீசியர் கட்டி, டச்சுக்காரர் மாற்றிக் கட்டிய யாழ்ப்பாணக் கோட்டைக்கு ஐந்து.

இந்த ஒழுங்கான வடிவம் ஆட்சியின் பெருமையைக் காட்டியதும் உண்மைதான். ஆனால் மந்திரக் குறியாக நட்சத்திரத்தை வரைந்தார்கள் என்பது தவறு. குண்டு பாயும் கோடுகளைப் போட்டபோது தானாக விழுந்த வடிவம் அது.