கோட்டையில் இறங்கினால் எந்தப் பக்கம்?

கேள்வி: மகளுக்கு வெள்ளவத்தையில் ஒரு பயிற்சி வகுப்புக் கிடைத்திருக்கிறது. அவளைக் கொண்டுபோய் விட நானும் இரவு ரயிலில் போகிறேன். இவர் வெளிநாட்டில். கொழும்பு எனக்குப் புதிது, சிங்களமும் வராது. கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்தில் இறங்கி எப்படிப் போவது? எதற்குக் கவனமாக இருக்க வேண்டும், அக்கா?
- வாசகி, ஆரையம்பதி

பதில்: தங்கச்சி, தெருவில் கால் வைக்காமலே கோட்டையிலிருந்து வெள்ளவத்தைக்குப் போகலாம். எங்கள் ஆட்கள் பலர் சனத்தோடு சனமாக வெளியே வந்து, ஒல்கொட் சிலையடியில் பையை வைத்துவிட்டு நாலு பக்கமும் பார்ப்பார்கள். ஓட்டோவுக்கு ஆள் பிடிக்கிறவருக்கு அந்தப் பார்வை போதும். வாய்க்கு வந்த விலையைச் சொல்வார்.

கோட்டைக்கு முதல் மருதானை வரும். பாதிப் பெட்டி அங்கே காலியாகும். அதைப் பார்த்து நீங்களும் அவசரப்பட்டு இறங்கிவிடாதீர்கள். கோட்டையில் இறங்கும்போது இன்னும் இருட்டாக இருந்தால், குடும்பமாக இருக்கிறவர்களுக்குப் பக்கத்தில் ஒரு வாங்கில் இருங்கள். விடிந்த பிறகு அங்கேயே கவுண்டரில் வெள்ளவத்தைக்கு டிக்கெட் எடுத்து, கரையோரப் பாதை ரயிலில் ஏறுங்கள். காலி, மாத்தறை போகிற சில கடுகதி ரயில்கள் வெள்ளவத்தையில் நிற்காது. அதனால் ஏறுமுன் “வெள்ளவத்தே நவத்தனவாத?” (வெள்ளவத்தையில் நிற்குமா?) என்று சிங்களத்தில் கேளுங்கள். இந்த ஒரு வசனத்தை மகளுக்கும் சொல்லிக்கொடுங்கள். கொம்பனித்தெரு, கொள்ளுப்பிட்டி, பம்பலப்பிட்டி, அடுத்தது வெள்ளவத்தை. பெயர்ப் பலகையில் தமிழும் இருக்கும். வலது பக்கம் கடல் தெரியும். பார்க்கிற ஆசையில் பிள்ளை வாசலில் போய்த் தொங்குவாள், விடாதீர்கள்.

இறங்கி மரைன் டிரைவ் என்ற கடலோர வீதியைக் கடந்து நேரே மேலே நடந்தால் காலி வீதி. பிறகென்ன, கடைக்குக் கடை தமிழ் கேட்கும். ஆனால் விலாசத்தில் “கொழும்பு 6” என்று மட்டும் எழுதிக்கொண்டு போகாதீர்கள். அங்கே குறுக்கு ஒழுங்கைகள் நிறைய. ஒழுங்கையின் பெயரும், பக்கத்தில் தெரிகிற ஒரு கடையோ கோயிலோ வேண்டும்.

பெட்டி பாரமென்றால் ஓட்டோ பிடியுங்கள், ஆனால் பிக்மீ, ஊபர் மாதிரிச் செயலியில் கூப்பிடுங்கள். எவ்வளவு வருமென்று முதலே காட்டும். வந்த வண்டியின் இலக்கத்தைப் பார்த்து ஏறுங்கள். ஏறினதும் அந்தப் பயண விவரத்தை ஊரில் ஒருவருக்கு அனுப்பச் சொல்லுங்கள். மகளுக்கு இதெல்லாம் என்னைவிட நன்றாகத் தெரியும்.

தாலிக்கொடியைச் சட்டைக்குள் விட்டுப் பின் குத்துங்கள். அடையாள அட்டையின் பிரதி ஒன்று வேறு பையில் இருக்கட்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் போனை நோண்டிக்கொண்டு இருக்க வேண்டாம். புறக்கோட்டையில் சாமான் வாங்க ஆசை இருந்தால் பகலில் போங்கள்: பெருநாளுக்கு முதல் நாள் காத்தான்குடிக் கடைத்தெரு மாதிரி இருக்கும், பை முன்பக்கம் வந்துவிட வேண்டும். பிள்ளையின் போனில் 119 பொலிஸ், 1990 இலவச அம்புலன்ஸ், இரண்டையும் பதிந்துவிடுங்கள்.

கேள்வி: அப்பாவை மகரகம அபேக்ஷா புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். எப்படிப் போவது நல்லது?
- வாசகர், கல்முனை

பதில்: தம்பி, கல்முனைக்கு ரயில் இல்லை, மட்டக்களப்புக்கு வந்துதான் ஏற வேண்டும். அப்பாவுக்கு இருந்தபடி பத்து நிமிடம்கூடப் பயணம் செய்ய முடியாதென்றால் பஸ்ஸை விட்டுவிட்டுப் படுக்கை போட்ட வானைத்தான் பார்க்க வேண்டும். இருக்க முடியுமென்றால் ரயில் நல்லது, எழுந்து நடக்கலாம், கழிப்பறையும் இருக்கும். கோட்டையில் இறங்கினால், பக்கத்திலுள்ள புறக்கோட்டையிலிருந்து 138 பஸ் ஹைலெவல் வீதியால் மகரகம போகும். நீங்கள் தனியாகப் போனால் அதுவே போதும். நோயாளியோடு காலை அலுவலக நேரத்தில் அதில் ஏறாதீர்கள், நிற்கக்கூட இடம் கிடைக்காது. செயலியில் கார் கூப்பிடுங்கள், இந்தச் செலவில் கை இறுக்க வேண்டாம். கிளினிக் கொப்பி, ரிப்போர்ட் எல்லாவற்றையும் பெட்டியில் போடாமல் கையிலேயே வைத்திருங்கள். போட்டோவும் எடுத்து வையுங்கள். சிங்களம் தெரிந்த சொந்தக்காரர் யாராவது இருந்தால், முதல் நாளைக்காவது கூட வரச் சொல்லிக் கேளுங்கள்.