உவரியின் ஞாயிறு

அன்புள்ள ஐயா,

எங்கள் பிள்ளைகள் இருவரும் மீன்பிடி வள்ளத்தையோ கரையில் நடக்கும் ஏலத்தையோ பார்த்ததில்லை. வெள்ளி இரவு சென்னையில் ரயிலேறி, ஞாயிறு இரவு திரும்பும்படி உங்கள் திருநெல்வேலிப் பக்கத்துக் கடலோர ஊர் ஒன்றுக்கு வர எண்ணுகிறோம். உவரி நல்லதா, மணப்பாடு நல்லதா?

ஒரு வாசகி, சென்னை

அன்புள்ள சகோதரிக்கு,

உவரிக்கே வாருங்கள், ஆனால் நீங்கள் குறித்த நாட்களில் வர வேண்டாம். சனிக்கிழமை காலையில் திருநெல்வேலியில் இறங்கி, திசையன்விளை வழியாகக் கரைக்கு வந்து சேர்வதற்குள் ஏலம் அநேகமாக முடிந்திருக்கும். மறுநாள் ஞாயிறு. எங்கள் பக்கத்துக் கத்தோலிக்க மீனவ ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகும் வழக்கம் இல்லை. பிள்ளைகள் எதைக் காண வருகிறார்களோ, அதை மட்டும் காணாமல் திரும்புவார்கள்.

ஆகவே ஒருநாள் விடுப்பு எடுத்து, திங்கள் இரவு ரயிலுக்குத் திரும்புங்கள். அப்படிச் செய்தால் ஞாயிறு வீணாகாது. அந்த ஊரை நிதானமாகப் பார்க்க அதைவிட நல்ல நாள் இல்லை என்பேன். கப்பல் வடிவில் எழுப்பப்பட்ட மாதா கோவிலைப் பாருங்கள். கடலை ஒட்டியே சுயம்புலிங்க சுவாமி கோவில் இருக்கிறது. ஓலைப்பெட்டியில் கடல் மண்ணை அள்ளித் தலையில் சுமந்து வந்து கரையில் குவிப்பது அங்கே நேர்த்திக்கடன். ஈரமண்ணின் நீர் நெற்றியில் வழிய, பேசாமல் நடந்து வரும் பெண்களுக்கு வழிவிட்டு நில்லுங்கள்.

திங்களன்று இருட்டோடு போன வள்ளங்கள் திரும்பும்போது கரையில் இருங்கள். சாளையும் நெத்திலியும் மணலில் கொட்டப்பட்டதும் ஏலக்காரர் விலையை ஏற்றிக்கொண்டே போவார். பக்கத்தில் நிற்கும் வியாபாரிப் பெண் வாய் திறக்காமல் தலையை மட்டும் அசைத்து ஏலத்தை முடித்துவிடுவாள். அந்த நேரத்தில் படம் எடுப்பதற்காக நடுவில் புகுவதும், காயும் வலையை மிதித்துக் கடப்பதும் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிற செயல்கள். கால் பெருவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு, அறுந்த கண்களை ஒவ்வொன்றாகப் பின்னும் முதியவரைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். ஒரு மிதி அவருக்கு எத்தனை நேர வேலை என்பது அவர்களுக்கே புரியும்.

கோடை விடுமுறையில் வருவதானால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தை எண்ணித் தயங்க வேண்டாம். அது விசைப்படகுகளுக்கு உரியது, வள்ளங்களுக்கு அல்ல. பதநீரும் அப்போது கிடைக்கும். மணப்பாடும் அழகான ஊர்தான். 1986 வரை எங்கள் திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்து, பிறகு தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போன ஊர். 1581இல் எழுந்த திருச்சிலுவை ஆலயத்தையும் சவேரியார் தங்கியதாகச் சொல்லப்படும் குகையையும் இன்னொரு முறை தனியே வந்து பாருங்கள்.

குளிப்பதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை. தெற்கே பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலைகள் நாட்கணக்கில் பயணம் செய்து, இங்கே காற்றும் மழையும் இல்லாத நாளில் திடீரென்று கரையேறுவதைக் கள்ளக்கடல் என்பார்கள். ஹைதராபாத்தில் உள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் அதற்கு முன்னெச்சரிக்கை தருகிறது. புறப்படுமுன் அதைப் பாருங்கள். கரையில் இருப்பவர்கள் வள்ளங்களை அவசரமாக மேலே இழுத்து ஏற்றுவதைக் கண்டால், காரணம் கேட்டுக்கொண்டு நிற்காமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு வந்துவிடுங்கள்.