சுருளில் ‘காவ் லுவோபெய்’ முத்திரை: சேகரித்தவரா, எழுதியவரா?

சீனத் தூரிகையெழுத்துச் சுருள் ஒன்றில் ‘காவ் லுவோபெய்’ என்ற முத்திரை இருந்தால், அதை வைத்து மட்டும் சுருள் அவருடைய சேகரிப்பில் இருந்தது என்று சொல்ல முடியாது. காவ் லுவோபெய் என்பது டச்சுத் தூதரக அதிகாரி ராபர்ட் வான் குலிக்கின் (1910–1967) சீனப் பெயர். மனிதர் சும்மா சேகரித்தவர் இல்லை. தூரிகையெழுத்தும் எழுதுவார், முத்திரையும் செதுக்குவார். அதனால் அவரே எழுதிய சுருளாகவும் இருக்கலாம்.

முத்திரை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இடப்பக்கம், எழுத்து முடிந்து கையொப்பத்துக்குக் கீழே என்றால் பெரும்பாலும் எழுதியவருடையது. ஓரத்திலோ மூலையிலோ தனியாக இருந்தால் சேகரித்தவருடையதாக இருக்கலாம்.

அப்புறம் வாசகத்தையும் படிக்கச் சொல்லுங்கள். ‘குச்சின்’ என்ற சீன யாழைப் பற்றியதென்றால் அவரே எழுதியது என்ற எண்ணம் வலுக்கும். அந்த யாழை வாசித்தவர், அதில் ஊறிய தாவோ சிந்தனையை 1940-இல் நூலாகவே எழுதியவர்.

ஆனால் முத்திரையைப் போலியாகச் செதுக்குவது சுலபம். தாளையும், அதைச் சுருளில் ஒட்டிய வேலையையும் தெரிந்தவரிடம் காட்டாமல் விலை பேசாதீர்கள்.