கிரியேட்டரின் பணம் உங்கள் கணக்கில் தங்கக் கூடாது

கேள்வி: சமையல், விவசாயம், டி.என்.பி.எஸ்.சி. பாடம் என்று யூடியூபில் தமிழ் வீடியோ போடும் கிரியேட்டர்களுக்காக நானும் நண்பரும் ஒரு சந்தாத் தளம் கட்டிவருகிறோம். ரசிகர்கள் மாதம் 99 ரூபாய் கட்டுவார்கள். எல்லாவற்றையும் எங்கள் நிறுவனக் கணக்கில் வாங்கி, மாதக் கடைசியில் பிரித்து அனுப்பலாமா? (வாசகர், கோவை)

பதில்: கூடாது. இன்னொருவருக்குச் சேர வேண்டிய பணத்தை வசூலித்துக் கைமாற்றுவது பேமென்ட் அக்ரிகேட்டரின் வேலை. அதற்கு ரிசர்வ் வங்கியின் அனுமதி வேண்டும். அதன் விதிகளின்படி விண்ணப்பிக்கும்போதே நிகர மதிப்பு 15 கோடி ரூபாய் இருக்க வேண்டும். பிறகு அது 25 கோடி ஆக வேண்டும். புதிதாகத் தொடங்குபவர்களுக்குக் கட்டுப்படியாகாது.

அனுமதி பெற்ற நிறுவனங்களே பணத்தைப் பிரித்துத் தரும் வசதி வைத்திருக்கின்றன. ரேசர்பே ரூட், கேஷ்ஃப்ரீ ஈஸி ஸ்ப்ளிட் இரண்டும் அப்படிப்பட்டவை. ரசிகர் கட்டும் தொகை அந்த நிறுவனங்களின் எஸ்க்ரோ கணக்கிலிருந்து (பிறர் பணத்தைத் தனியாக வைக்கும் கணக்கு) கிரியேட்டருக்கும் உங்களுக்கும் தனித்தனியாகப் போய்விடும். கிரியேட்டரின் பங்கு உங்கள் கையில் படாது. நாளை உங்கள் நிறுவனமே நொடித்தாலும் அவருடைய வருமானம் அதில் சிக்காது என்பதுதான் இதில் பெரிய விஷயம்.

சிக்கல் வருவது பெயரில். ஆவணங்களில் பெயர் பொருந்தாவிட்டால் பணம் நின்றுவிடும். பான் அட்டையில் இனிஷியல் முன்னால், வங்கியில் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக என்று இருக்கும். பலர் கணவர் கணக்கையோ அண்ணன் கணக்கையோ கொடுப்பார்கள். கிரியேட்டரின் சந்தாப் பக்கத்தைத் திறந்துவிடும் முன்பே அவர் கொடுத்த கணக்குக்கு 1 ரூபாய் அனுப்பி, வங்கி காட்டும் பெயரைப் பான் பெயரோடு ஒப்பிட்டுவிடுங்கள். முதல் மாதச் சந்தா வந்த பிறகு அவர் கணக்குக்குப் போக வேண்டிய பணம் நின்றால், அந்தக் கிரியேட்டர் உங்களைத்தான் சந்தேகிப்பார்.

கேள்வி: கமிஷன் எவ்வளவு வைக்கலாம்? 5 சதவீதம் போதுமா? (வாசகி, ஈரோடு)

பதில்: கணக்குப் போட்டுப் பாருங்கள். கேட்வே கட்டணம் (பணத்தை வசூலித்துத் தரும் நிறுவனம் எடுப்பது) 2 சதவீதம், அதன்மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. என்றால், 99 ரூபாயில் 2.34 ரூபாய் போகிறது. உங்கள் 5 சதவீதம் 4.95. கேட்வே செலவை நீங்களே ஏற்றால் மிஞ்சுவது 2.61 ரூபாய்தான். சந்தாதாரர் ஒருவர் போன் செய்து சந்தேகம் கேட்டால் அந்த மாத லாபம் அதிலேயே கரைந்துவிடும்.

10 சதவீதம் வைத்தால் 7.56 மிஞ்சும். 400 சந்தாதாரர் உள்ள ஒரு கிரியேட்டரால் மாதம் 3,024 ரூபாய். மாதச் செலவு ஒன்றரை லட்சம் என்றால், அப்படிப்பட்ட ஐம்பது பேர் தேவை. ஆயிரம் பேரைப் பதிவு செய்துவிட்டோம் என்று பெருமைப்படுவதைவிட, இந்த ஐம்பது பேரைத் தேடி நேரில் உட்கார்ந்து முதல் நூறு சந்தாவைச் சேர்த்துக் கொடுப்பதுதான் முதல் வருட வேலை. பதிவுக் கட்டணம் மட்டும் வாங்காதீர்கள். அவர் சம்பாதித்த பிறகே நீங்கள் சம்பாதிக்க வேண்டும்.

சந்தாவை இணையப் பக்கத்தில் வாங்குங்கள். ஆப்புக்குள் விற்றால் ஆப் ஸ்டோர் 15, 30 சதவீதம் என்று எடுத்துக்கொள்ளும்; மேலே போட்ட கணக்கு எதுவும் நிற்காது.

கேள்வி: முதல் மாதம் கூட்டமாகச் சேர்கிறார்கள். இரண்டாம் மாதம் பலரைக் காணோம். வீடியோ பிடிக்கவில்லையா? (வாசகர், திருச்சி)

பதில்: அப்படி முடிவு கட்டும் முன் போனவர்களை இரண்டாகப் பிரித்துப் பாருங்கள்: தாங்களாகவே ரத்து செய்தவர்கள், கணக்கிலிருந்து பணம் எடுக்க முடியாமல் விழுந்தவர்கள். இரண்டாவது வகையினர் போக நினைத்தவர்களே அல்ல.

மாதாமாதம் தானாகப் பணம் எடுக்கும் யு.பி.ஐ. ஆட்டோபேயில், பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே சந்தாதாரருக்கு அறிவிப்பு போயாக வேண்டும். எதற்கென்று புரியாத பெயரில் அது வந்தால் பயந்து ரத்து செய்துவிடுவார். அறிவிப்பில் உங்கள் நிறுவனப் பெயரோடு கிரியேட்டரின் பெயரும் தெரியும்படி அமையுங்கள். அதற்கு முந்தைய நாளே வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்புங்கள்.

அடுத்தது தேதி. 22ஆம் தேதி சேர்ந்தவரிடம் ஒவ்வொரு 22ஆம் தேதியும் எடுத்தால் கணக்கில் பணம் இருக்காது. சம்பளம் வரும் முதல் வாரத்துக்கு எல்லோரையும் நகர்த்துங்கள். இடைப்பட்ட நாட்களை இலவசமாக விடுங்கள். 2025 ஆகஸ்ட் முதல் ஆட்டோபேயில் பணம் எடுக்க ஒரு முயற்சியும் மூன்று மறுமுயற்சியும்தான். மூன்றையும் ஒரே நாளில் வீணாக்காமல் இரண்டு நாள் இடைவெளி விட்டு வையுங்கள். அந்த வாரம் முழுக்க அவரைச் சந்தாதாரர்களின் டெலிகிராம் குழுவிலிருந்து நீக்க வேண்டாம். நீக்கினால் அவமானப்பட்டதாக நினைப்பார், திரும்ப மாட்டார்.

ஆட்டோபே என்றாலே தயங்குபவர்களுக்கு ஒரே தடவை கட்டும் 999 ரூபாய் வருடச் சந்தா வைத்திருங்கள்.

கேள்வி: வரி பிடிக்க வேண்டுமா? (வாசகர், மதுரை)

பதில்: விற்பனை உங்கள் தளம் வழியாக நடப்பதால், கமிஷன் கழிக்கும் முன் உள்ள கிரியேட்டரின் மொத்த விற்பனைத் தொகையில் 0.1 சதவீதம் டி.டி.எஸ். பிடிக்க வேண்டும். தனிநபராக இருந்து, பான் அல்லது ஆதார் கொடுத்து, வருட விற்பனை 5 லட்சத்தைத் தாண்டாதவருக்கு விலக்கு. எண் கொடுக்காதவருக்கு 5 சதவீதம். கிரியேட்டருக்கு ஜி.எஸ்.டி. பதிவு 20 லட்சம் விற்பனைக்கு மேல்தான். உங்கள் தளத்துக்கு அந்த வரம்புச் சலுகை கிடையாது. முதல் நாளிலேயே ஆடிட்டரைப் பாருங்கள்.

கேள்வி: எனக்குச் சமையல் சேனல் இருக்கிறது. ஒரு புதிய நிறுவனம் சந்தாப் பக்கம் தொடங்கித் தருகிறேன் என்கிறது. என்ன கேட்க வேண்டும்? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: பணம் எத்தனை நாளில் உங்கள் கணக்குக்கு வரும், சந்தாதாரர் பணத்தைத் திரும்பக் கேட்டால் யார் கொடுப்பது, இவை இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். மூன்றாவது கேள்வி முக்கியமானது: விலகும் நாளில் உங்கள் சந்தாதாரர்களின் பெயர், போன் எண், மின்னஞ்சல் பட்டியல் உங்களுக்குக் கிடைக்குமா? தர மாட்டோம் என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். தருவோம் என்றால், முதல் மாதமே ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடுங்கள். ஆட்டோபே அனுமதி மட்டும் பட்டியலோடு வராது. வேறு தளத்துக்குப் போனால் ஒவ்வொருவரும் புதிதாக அனுமதி தர வேண்டியிருக்கும்.